துரைக் கிண்ணமும் சார் டம்ளரும்

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்க மனம் வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் பேத்தி நிவேதாவுக்குப் போன வாரம் கடலூரில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை பெயர் கார்த்திக். நல்ல பையன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறான், நம் வீட்டு ஆண்களில் ஒருவரும் செய்யாத காரியம். நீங்கள் இருந்திருந்தால் முன்வரிசையில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் துரைக் கிண்ணத்தின் கதையைச் சொல்லியிருப்பீர்கள். அந்தக் கிண்ணத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் படத்துக்கு முன்னால் நின்று மனதுக்குள் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நீங்கள் அந்தக் கதையை மனதுக்குள் வைத்துக்கொண்டவர் இல்லையே. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை வாசலில் நிறுத்தி வைத்துச் சொன்னீர்கள். ரயிலில் எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிச் சொன்னீர்கள். அதனால் நானும் நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் படித்தால் இன்னும் நல்லது.

சிதம்பரத்தில் தெற்கு வீதிக்குப் பின்னால் இருந்த நம் வீட்டு சாமி அலமாரியில், நடராஜர் படத்துக்குப் பக்கத்தில் அது இருக்கும். கனமான வெள்ளி. ஒரு பக்கம் காது மாதிரி பிடி. எதிர்ப் பக்கம் வாய் அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே பாதியை மூடினாற்போல் ஒரு தட்டு, அதில் சின்னச் சின்ன ஓட்டைகள். உடம்பெல்லாம் கொடியும் இலையும் செதுக்கியிருக்கும். அழகான பொருள்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் தாத்தாவின் அப்பா கடலூரில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் துபாஷியாக இருந்தாராம். துரைக்குத் தமிழ் வராது, ஊருக்கு இங்கிலீஷ் வராது, நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசியவர் அவராம். துரை சீமைக்குக் கப்பலேறும்போது, உன்னை விட்டுப் போக மனமில்லை என்று கண் கலங்கி, தான் தினமும் பால் குடிக்கிற கிண்ணத்தையே எடுத்துக் கொடுத்தாராம். துரை கண் கலங்கிய இடத்தில் நீங்களும் தவறாமல் கண் கலங்குவீர்கள். யாருக்காகக் கலங்குகிறோம் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? ஊரையே வழித்துத் துடைத்துக்கொண்டு கப்பலேறியவன் ஒரு கிண்ணத்தை விட்டுவிட்டுப் போனானாம். அதற்கு நாலு தலைமுறையாகக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த ஓட்டைத் தட்டுக்கும் உங்களிடம் விளக்கம் இருந்தது. "துரைங்கன்னா துரைங்கதான். ஏலக்காத் தோல் தொண்டைல சிக்கக் கூடாதுன்னு பாலுக்குன்னே சல்லடை வச்சு செஞ்சிருக்கான் பாரு" என்பீர்கள். வாய் ஏன் இவ்வளவு அகலம் என்று கேட்டால், "மீசைல ஆடை ஒட்டாம குடிக்கத்தான்" என்பீர்கள். எந்தத் துரை ஏலக்காய் போட்ட பால் குடித்தான் என்று கேட்க வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அதை நினைத்தால் எங்கள் மேலும் எனக்கு எரிச்சல்தான்.

பொங்கலுக்கு முன்னால் அதைத் தேய்க்கிற வேலை எனக்கும் அக்காவுக்கும். திருநீற்றைத் தொட்டுத் தொட்டு, பழைய வேட்டித் துணியால் தேய்க்க வேண்டும். ஓட்டைகளுக்குள் கறுப்பு தங்கிவிடும், அதை ஈர்க்குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். நீங்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையாகப் பார்ப்பீர்கள். எங்கள் மார்க் ஷீட்டை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. நாங்கள் அதைத் தேய்க்கலாம், குடிக்கக் கூடாது. குடிப்பது மாப்பிள்ளைகளுக்கு.

ஆமாம், அதுதான் நம் வீட்டு முறை. தாலி கட்டி முடித்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்ததும் எல்லா வீட்டிலும் பாலும் பழமும் கொடுப்பார்கள். நம் வீட்டில் அந்தப் பாலைத் துரைக் கிண்ணத்தில்தான் கொடுக்க வேண்டும். மேலே இருக்கிற சல்லடையில் பாலை ஊற்றி, அகலமான வாயில் வாய் வைத்து அவர் குடிக்க வேண்டும். அப்படிக் குடித்தவர்தான் இந்த வீட்டு மாப்பிள்ளை. உங்களுக்குத் தாலியைவிட அதுதான் பெரிய சாட்சி.

அக்கா வீட்டுக்காரர் அப்படித்தான் குடித்தார். திட்டக்குடியிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்களோடு வந்து, சத்தம் போட்டு உறிஞ்சினார். பால் இரண்டு பக்கமும் வழிந்து பட்டுச் சட்டை நனைந்தது. "ராஜா மாதிரி குடிக்கிறாரு பாரு" என்று பக்கத்தில் இருந்தவரை இடித்துச் சொன்னீர்கள். அந்த ராஜா அக்காவின் கன்னத்தை எத்தனை தடவை வீங்க வைத்தார் என்று உங்களுக்குத் தெரியும். அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோதெல்லாம், "அனுசரிச்சுப் போம்மா" என்று அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பினீர்கள். அவர் வந்தால் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றீர்கள். துரைக் கிண்ணத்தில் குடித்த வாய் அல்லவா?

இன்னொரு நாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். கோயில் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதியை நீங்கள் கீழ வீதியிலிருந்து கையோடு கூட்டிக்கொண்டு வந்தீர்கள். காபி கொடுத்து, சாமி அலமாரியைத் திறந்து, உங்கள் ஆபீஸ் இங்கிலீஷில் கதை முழுவதும் சொன்னீர்கள். சல்லடையில் பாலை ஊற்றிக் காட்டி, அந்த வெள்ளைக்காரரிடம் நீட்டினீர்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். அந்த அம்மாள் கர்ச்சீப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் போனபிறகு, "பாத்தியா, அவுங்க ஊரு பொருளப் பாத்ததும் அந்தம்மாவுக்கு அழுகையே வந்துடுச்சு" என்றீர்கள். அழுகை! அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் பாஸ்கரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்ன அன்று நீங்கள் அவர் பெயரைக் கேட்கவில்லை. இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்து அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறார் என்று நான் சொன்னது உங்கள் காதில் விழவில்லை. "அவன் அப்பா என்ன பண்றாரு?" என்று ஒரே ஒரு கேள்வி. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலைக்குப் போகிற ரோட்டில் சலூன் வைத்திருக்கிறார் என்று சொன்னேன். நீங்கள் எழுந்துபோய் சாமி அலமாரியைச் சாத்தினீர்கள். நான் ஏதோ கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேன் என்பதுபோல.

கல்யாணம் ரிஜிஸ்தர் ஆபீஸில் நடந்தது. நீங்கள் வரவில்லை. அம்மா அழுது அழுது உங்களைச் சம்மதிக்க வைத்து, சில மாதம் கழித்து எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டாள். அன்றைக்கு அவள் பாலைக் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு, சந்தோஷமாக சாமி அலமாரிக் கதவில் கை வைத்தாள். கூடத்திலிருந்து உங்கள் குரல் வந்தது.

"அத எடுக்காத. சாருக்கு டம்ளர்ல குடு."

அன்றைக்கு வைத்த பெயர்தான் சார். கேட்கிறவர்களுக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. வாத்தியாரை சார் என்று கூப்பிடுகிறார், மனுஷன் பெருந்தன்மையானவர் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவரை மாப்பிள்ளை என்று சொல்லாமல் தப்பிப்பதற்கு நீங்கள் கண்டுபிடித்த வழி அது. திட்டக்குடிக்காரர் மாப்பிள்ளை, இவர் சார். அண்ணனும் உங்களைப் பார்த்து அப்படியே கூப்பிட ஆரம்பித்தான். மச்சான் என்று கூப்பிட வேண்டியவன்.

அவர் பாலைக் குடித்து முடித்ததும் அம்மா டம்ளரைக் கழுவப் போட எடுத்துக்கொண்டு போனாள். "அதப் பின்னாடி வை" என்றீர்கள். தோட்டத்துக் கதவுக்குப் பக்கத்து ஜன்னல் கட்டையில் அது வைக்கப்பட்டது. அடுத்த தடவை போனபோதும் அதே டம்ளர்தான் வந்தது. அடியில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், அதுதான் அடையாளம். அம்மா அதை எடுத்துக் கழுவிப் பால் ஊற்றும்போது என் கண்ணைப் பார்க்க மாட்டாள்.

அவருக்கு அது தெரியுமா என்று நீங்கள் யோசித்திருக்கவே மாட்டீர்கள். தெரியும் அப்பா. முதல் நாளே தெரியும். தெரிந்தேதான் வருஷக்கணக்காக அதில் குடித்தார். கடலூருக்குத் திரும்புகிற பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வருவேன். "பால் நல்லாத்தான் இருந்துச்சு செல்வி. உங்கம்மா சர்க்கரைதான் ஜாஸ்தி போட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு தடவை நீங்கள் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டு, அந்தக் கிண்ணத்தை எடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டும். கிண்ணம் எனக்குப் பெரிதில்லை. ஆனால் உங்களுக்கு அது பெரிது, அதனால் எனக்கு அது வேண்டியிருந்தது. ஒவ்வொரு வருஷமும் ஆருத்ரா தரிசனத்துக்கு வரும்போது இந்தத் தடவை கொடுத்துவிடுவீர்கள் என்று நினைத்துக்கொண்டே வருவேன். அம்மா போய்ச் சேர்ந்தாள். நிவேதா வளர்ந்து காலேஜ் போனாள். நாங்கள் உள்ளே நுழைந்தால் சாமி அலமாரி சாத்தியே இருக்கும். டம்ளரும் ஜன்னல் கட்டையை விட்டு நகரவில்லை.

பிறகு நீங்கள் பாத்ரூமில் வழுக்கி விழுந்தீர்கள். இடுப்பு எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். அண்ணனுக்கு எப்போதும்போல வேலை ஜாஸ்தி. பெரிய மாப்பிள்ளை ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு தடவை வந்து, நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துவிட்டுப் போனார். லீவு போட்டுவிட்டு உங்களோடு தங்கி, உங்களைத் திருப்பிப் படுக்க வைத்து, கழுவித் துடைத்தது யார்? சார்தான்.

வெள்ளைத் தாடி முளைத்து அரிக்கிறது என்று கன்னத்தைச் சொறிந்துகொண்டே இருந்தீர்கள். அவர் கடைக்குப் போய் பிரஷ், சோப்பு, ரேஸர் வாங்கி வந்தார். ஆஸ்பத்திரி பாத்ரூமில் இருந்த பிளாஸ்டிக் மக்கில் வெந்நீர் பிடித்தார். உங்கள் கழுத்தில் துண்டைச் சுற்றி, நுரை போட்டு, தாடையை ஒற்றை விரலால் தூக்கிப் பிடித்து மழித்தார். அப்பா கடையில் சின்ன வயதில் பழகிய கை. ஒரு கீறல் இல்லை. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் கிடந்தீர்கள்.

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். இப்போதாவது மாப்பிள்ளை என்று சொல்லப் போகிறீர்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைத் துடைத்து முடித்ததும் கண் திறந்தீர்கள். கன்னத்தைத் தடவிப் பார்த்தீர்கள்.

"தேங்க்ஸ் சார்" என்றீர்கள்.

அவர் சிரித்துக்கொண்டே மக்கைக் கழுவப் போனார். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். மனுஷனா நீங்கள்? சாகக் கிடக்கிற நேரத்திலும் அந்த ஒரு வார்த்தையில் அவ்வளவு கவனமாக இருக்க எப்படி முடிந்தது? அடுத்த வாரம் நீங்கள் போய்விட்டீர்கள். அழுதேன், நிறையவே அழுதேன். ஆனால் அந்த தேங்க்ஸை மன்னிக்கவில்லை. இப்போதும் மன்னிக்கவில்லை.

காரியம் முடிந்த அன்று அண்ணி பெரிய மனது பண்ணி, "எதாவது எடுத்துக்க செல்வி. அத்தையோட புடவை இருக்கு, பித்தளைப் பாத்திரமெல்லாம் இருக்கு" என்றாள். நான் நேரே பின்பக்கம் போய் ஜன்னல் கட்டையிலிருந்து டம்ளரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். "இது போதும் அண்ணி." அவள் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கிண்ணம் அண்ணனிடம் தங்கியது.

நிவேதாவும் கார்த்திக்கும் சென்னையில் ஒரே ஆபீஸ். தாங்களாகவே பார்த்து, தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். பையன் வீடு பண்ருட்டிப் பக்கம். தங்கமான மனிதர்கள், யார் என்ன என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆனால் கேட்காமலே விசாரித்துத் தெரிந்துகொள்கிறவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்களே. கல்யாணப் பேச்சு எடுத்து நாலு நாள்கூட ஆகவில்லை, அண்ணன் போன் செய்தான்.

"பையன் நம்ம ஆளுங்களாமே! ஒரு வார்த்த சொல்லல நீ. எவ்ளோ பெரும செல்வி! துரைக் கிண்ணத்த நானே கொண்டாறேன். பால் பழம் அதுல குடுத்தாத்தான் முற. அப்பா இருந்தா இதத்தான் சொல்லியிருப்பாரு."

உண்மைதான், நீங்கள் இதைத்தான் சொல்லியிருப்பீர்கள். ஆகக் கிண்ணம் என் மகளின் புருஷனுக்கு வரும். என் புருஷனைத் தாண்டிக்கொண்டு வரும். அவர் ஓடி ஓடி நடத்துகிற கல்யாணத்தில், அவர் கண் முன்னாலேயே அது இன்னொருவர் கைக்குப் போகும். அண்ணனுக்கு அது உறுத்தவே இல்லை. எங்களுக்குப் பெரிய உபகாரம் செய்கிறவன் மாதிரி பேசினான்.

கொண்டுவராதே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர்தான் என் கையைப் பிடித்தார். "வரட்டும் விடு. நானும் அதக் கிட்டக்க பாத்ததே இல்ல. ஒருதரம் பாத்துக்கிறேன்" என்றார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அண்ணன் கார் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வாசலில் வந்து நின்றது. கிண்ணத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பட்டுத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். ஹாலில் டீப்பாய் மேல் வைத்துவிட்டு, எல்லாரும் கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி ஒதுங்கி நின்றான். நிவேதாவுக்குக் கண் விரிந்தது. "சூப்பரா இருக்கு மாமா! எந்தக் காலத்துதுன்னு பாத்துடலாம்" என்று செல்போனால் ஒரு படம் எடுத்தாள். இப்போது படம் எடுத்துப் போட்டால், அதேபோல உலகத்தில் இருக்கிற பொருள்களையெல்லாம் போனே காட்டிவிடுகிறது அப்பா. நீங்கள் இருந்தபோதும் அந்த வசதி இருந்தது. தேவைப்படவில்லை, கதைதான் கையில் இருந்ததே.

அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நெற்றி சுருங்கிற்று. மேலிருந்து ஓட்டைத் தட்டு தெரிகிற மாதிரி இன்னொரு படம் எடுத்தாள்.

"மாமா, இது பால் கிண்ணம் இல்ல."

"பின்ன?"

"ஷேவிங் மக்கு. துரைங்க தாடி மழிக்க வச்சிருந்தது. இந்தத் தட்டுல சோப்பு வைப்பாங்களாம். தண்ணி உள்ள வடியத்தான் ஓட்டை. இந்த அகல வாய்ல பிரஷ்ஷ விட்டு வெந்நீர்ல நனைப்பாங்களாம்."

"போன்ல ஆயிரம் போடுவான். அதெல்லாம் நம்பிக்கிட்டு" என்றான் அண்ணன். அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். வெள்ளியில், பித்தளையில், பீங்கானில். அதே காது, அதே அகல வாய், அதே ஓட்டைத் தட்டு. ஒரு படத்தில் அந்த வாயில் பிரஷ்ஷே செருகியிருந்தது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் எழுந்து வாஷ் பேசினுக்குப் போய்த் தன் ஷேவிங் பிரஷ்ஷை எடுத்து வந்தார். "எடுத்துப் பாக்கலாமா?" என்று அண்ணனிடம் கேட்டார். பாருங்கள், அப்போதும் கேட்டுக்கொண்டுதான் தொட்டார். கிண்ணத்தைக் கையில் எடுத்து, அகல வாயில் பிரஷ்ஷை விட்டார். அது உள்ளே இறங்கிச் சாய்ந்து நின்றது. "கரெக்டா உக்காருது" என்றார். ஒரு சுற்று திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல வேலைப்பாடு" என்று சொல்லித் திரும்ப டீப்பாயில் வைத்தார்.

நான்தான் சிரித்தேன். நிறுத்த முடியாமல் சிரித்தேன். திட்டக்குடி ராஜா பிரஷ் விடுகிற ஓட்டையில் வாய் வைத்து உறிஞ்சியது ஞாபகம் வந்தது. நானும் அக்காவும் சோப்புத் தட்டை ஈர்க்குச்சியால் குத்திக் குத்திச் சுத்தம் செய்தது ஞாபகம் வந்தது. அந்த வெள்ளைக்கார அம்மாள் கர்ச்சீப்புக்குள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று இப்போதுதான் புரிந்தது. நடராஜருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரனின் சவரக் கிண்ணத்தை வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பூரம் காட்டினோமே அப்பா!

நிவேதா சின்னப் பெண், வாயில் வந்ததைக் கேட்டுவிட்டாள். "அப்போ துரை எதுக்கு இதப் போய் துபாஷிக்குக் குடுத்தாரு?"

உங்களைத்தான் கேட்கிறேன், ஊருக்குப் போகிற துரை தன் சவரக் கிண்ணத்தை யாருக்குக் கொடுத்துவிட்டுப் போவான்? தினமும் காலையில் தன் தாடையைத் தூக்கிப் பிடித்தவருக்குத்தானே? எனக்குத் தெரியாது. உங்கள் தாத்தாவின் அப்பா நிஜமாகவே துபாஷியாக இருந்திருக்கலாம், துரை கைக்குக் கிடைத்ததைக் கொடுத்திருக்கலாம். நான் போய்த் தோண்டிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கேள்வி அண்ணன் மனதிலும் விழுந்துவிட்டது. சட்டென்று கிட்டே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், இத வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா அசிங்கம்."

மச்சான்! இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை வருகிறது. உங்களுக்குப் பணிவிடை செய்தபோது வரவில்லை. உங்கள் பாடைக்குத் தோள் கொடுத்தபோது வரவில்லை. மூடி மறைக்க ஓர் ஆள் தேவைப்பட்டதும் ஓடோடி வந்துவிட்டது.

அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "இதுல என்ன மச்சான் அசிங்கம்? தாடி மழிக்கிறது அசிங்கமா? எங்கப்பா அத வச்சுத்தான் என்னப் படிக்க வச்சாரு" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அண்ணன் அதற்கு மேல் உட்காரவில்லை. கிளம்பும்போது கிண்ணத்தைப் பார்க்காமலே, "அத நீயே வச்சுக்க செல்வி" என்றான். மடியில் வைத்துக் கொண்டுவந்ததை ஒரு விரலால் தொடவில்லை. பட்டுத்துணியை மட்டும் நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் அவர் வாஷ் பேசின் முன்னால் நின்றிருந்தார். பெண்ணின் அப்பா முகம் பளிச்சென்று இருக்க வேண்டாமா? துரைக் கிண்ணத்தில் வெந்நீர். ஓட்டைத் தட்டில் சோப்பு. பிரஷ்ஷை அகல வாயில் விட்டு நனைத்து, சோப்பில் சுழற்றி நுரை எடுத்தார். தண்ணீர் ஓட்டை வழியாக உள்ளே வடிந்தது. எவ்வளவு சுலபமாக வேலை செய்தது தெரியுமா? ஏலக்காய்ப் பாலுக்கு அது ஒரு நாளும் சரிப்பட்டு வந்ததில்லை. தோல் அடைத்துக்கொண்டு பால் வெளியே வழியும், அம்மா முந்தானையால் துடைப்பாள், நீங்கள் துரையைப் புகழ்ந்துகொண்டிருப்பீர்கள்.

கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "உங்கப்பா கிண்ணம் பிரமாதம் செல்வி" என்றார் நுரை முகத்தோடு. நான் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அந்தக் கிண்ணம் அவர் கைக்கு வர வேண்டும் என்றுதானே கால் நூற்றாண்டாகக் காத்திருந்தேன். வந்துவிட்டது. கொடுத்த கை உங்களுடையதாக இல்லை, அவ்வளவுதான்.

பாலும் பழமும் மண்டபத்திலேயே கொடுத்தோம். சமையல்காரர் நீட்டிய ஏதோ ஒரு டம்ளர். கார்த்திக் பாதி குடித்துவிட்டு மீதியை நிவேதாவிடம் கொடுத்தான். உங்கள் பெரிய மாப்பிள்ளை மட்டும் அக்கம் பக்கம் பார்த்து, "துரைக் கிண்ணம் எங்க? வரலியா?" என்று கேட்டார். "சார் யூஸ் பண்ணிட்டிருக்காரு" என்றேன். அக்காவைச் சமையல் கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கிண்ணம் இப்போது எங்கள் வாஷ் பேசின் பக்கத்தில், பற்பசைக்கும் சீப்புக்கும் நடுவில் இருக்கிறது. நான் திருநீறு போட்டுத் தேய்ப்பதில்லை. இலையெல்லாம் கொஞ்சம் கறுத்துவிட்டது. கறுக்கட்டும், வேலை செய்கிற பாத்திரம்தானே.

அடுத்த மாதம் உங்கள் முதல் திதி. சிதம்பரத்தில் அண்ணன் ஆள் வைத்து முறையாகச் செய்வான், செய்துகொள்ளட்டும். நான் இங்கே என் வீட்டில் உங்களுக்குப் படைக்கப் போகிறேன். இட்லியும், உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய் கொத்சும் செய்வேன். பாலைச் சுண்டக் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு, அம்மா போடுகிற மாதிரி சர்க்கரையை ஜாஸ்தியாகவே போடுவேன். அதை அந்த அடி நசுங்கின டம்ளரில்தான் ஊற்றி உங்கள் படத்துக்கு முன்னால் வைப்பேன். நான் இருக்கிறவரை, வருஷா வருஷம், உங்களுக்கு அந்த டம்ளர்தான். இது சத்தியம். இலைக்கு முன்னால் முதலில் விழுந்து கும்பிடப் போகிறவர் அவர். அவர் நல்ல மனிதர், கும்பிடுவார்.

குடிப்பதும் குடிக்காததும் உங்கள் இஷ்டம். பால் நன்றாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் மனைவி
செல்வி
திருப்பாதிரிப்புலியூர்